அந்த 37 நிமிடங்கள்: ஒரு மலிவுச் செலவுத் திகில் நகைச்சுவைக்கு ஏன் இரண்டு தீர்ப்புகள்?

"படம் கலவையான விமர்சனங்களைப் பெற்று வருகிறது." வெள்ளிக்கிழமை வெளியான எந்தப் படத்தைப் பற்றியும் சனிக்கிழமைச் செய்தியில் இந்த வாக்கியம் வந்துவிடும். படித்தவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் 'பரவாயில்லை' என்று நகர்ந்துவிட்டார்களா? பாதிப் பேர் கொண்டாட, மீதிப் பேர் திட்டித் தீர்த்தார்களா? அல்லது ஒரே ஆள் முதல் பாதியில் நெளிந்து, இரண்டாம் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தாரா? மூன்று நிலைமைக்கும் நாம் வைத்திருப்பது ஒரே வாக்கியம்தான்.

சின்னச் செலவில் எடுக்கப்படும் திகில் நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் இரண்டாவது நிலைமையில்தான் மாட்டிக்கொள்கின்றன. அவற்றை அரைமனதாகப் பிடிப்பவர்கள் குறைவு. இதற்கு 'ரசனை ஆளுக்கு ஆள் வேறு' என்பது மட்டும் போதிய விளக்கமாகாது. ரசனை எல்லா வகைப் படத்துக்கும் வேறுபடத்தான் செய்கிறது. இந்த வகைக்கு மட்டும் பிளவு ஏன் இத்தனை கூர்மையாக இருக்கிறது?

2017-இல் ஜப்பானில் எடுக்கப்பட்ட ஒரு படத்தை வைத்து இதைப் பார்க்கலாம். ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 'கேமரா ஓ தொமேருனா', அதாவது 'கேமராவை நிறுத்தாதே'. வெளிநாடுகளில் 'ஒன் கட் ஆஃப் த டெட்' என்று வெளியானது. பிளவின் எல்லாக் காரணங்களும் அந்த ஒரே படத்தில் இருக்கின்றன. ஆனால் கதையைச் சொல்லாமல் அவற்றை விளக்க முடியாது. இன்னும் பார்க்காதவர்கள், பார்க்கும் எண்ணம் இருந்தால், பார்த்துவிட்டு வந்து படிப்பதே நல்லது.

'குறைந்த செலவு' என்றால் எவ்வளவு?

இந்தச் சொல்லுக்கு நிலையான அளவு கிடையாது. ஹாலிவுட்டில் 50 லட்சம் டாலர் செலவான படமும் சின்னப் படம்தான். நாம் பார்க்கும் படத்தின் செலவு சுமார் 30 லட்சம் யென். அன்றைய மாற்று விலையில் ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய். டோக்கியோவில் நடிப்பும் திரைப்படமும் கற்றுத்தரும் 'என்பு செமினார்' என்ற பள்ளியின் பயிற்சிப் பட்டறைத் திட்டமாக அது தொடங்கியது. பட்டறையில் சேர்ந்த, யாருக்கும் முகம் தெரியாத நடிகர்களே அதில் நடித்தார்கள். இயக்குநர் ஷினிச்சிரோ உவேதாவுக்கு அதுவே முதல் தனி முழுநீளப் படம். எட்டு நாளில் படப்பிடிப்பு முடிந்தது.

பணம் இல்லாததைத் திரை மறைப்பதில்லை. ஒளி தட்டையாக இருக்கும், ரத்தம் சாயமாகத் தெரியும், நடிகர்களின் முகம் புதிதாக இருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வரப்போகிறது: திரையில் ஏதோ கோணலாகத் தெரியும்போது, அது கையாலாகாமையா, வேண்டுமென்றே செய்ததா என்று பார்ப்பவரால் கண்டுபிடிக்க முடிவதில்லை.

அச்சமும் நகையும் ஒரே பாயில்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் நகையும் அச்சமும் தனித்தனி. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). நான்குமே நம்மைவிட வலிமையானவை. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல் (இகழ்ந்து சிரித்தல்), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (கேட்டதை அப்படியே நம்பும் எளிமை). இங்கே பெரும்பாலும் நாம் மேலே நிற்கிறோம். எதிரில் இருப்பவர் அறியாமல் தடுமாறுகிறார்.

ஆகவே திகில் நகைச்சுவை என்பது ஒரே காட்சியில் பார்ப்பவரைக் கீழேயும் மேலேயும் நிற்கச் சொல்வது. பயப்பட வேண்டுமானால் திரையில் நடப்பதை நம்ப வேண்டும். சிரிக்க வேண்டுமானால் சற்றே விலகி நிற்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தை ரசிப்பவருக்கு இந்த வகைப் படம் திருவிழா. ஒரு பக்கம் நின்றே பழகியவருக்கு, பயமும் முழுதாக வரவில்லை, சிரிப்பும் முழுதாக வரவில்லை என்ற எரிச்சல்தான் மிஞ்சும். முதல் பிளவு இங்கேயே விழுந்துவிடுகிறது. இதில் செலவுக்குப் பங்கில்லை.

தொல்காப்பியத்துக்கு உரை எழுதியவர்களில் 'பேராசிரியர்' என்ற பெயர் கொண்டவர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரை எள்ளி நாம் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானியப் படத்தின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

திரையில் என்ன நடக்கிறது?

கைவிடப்பட்ட ஒரு கட்டடம். (படம் எடுக்கப்பட்டது மிட்டோ நகரத்தில் உள்ள ஒரு பழைய நீர் சுத்திகரிப்பு நிலையத்தில்.) அங்கே ஒரு சின்னக் குழு ஜாம்பிப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜாம்பி என்றால் செத்தும் நடமாடும் பிணம். 'நடைப்பிணம்' என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே உண்மையாகவே நடந்து வருகிறது. திடீரென்று நிஜ ஜாம்பிகள் குழுவைத் தாக்குகின்றன. இயக்குநருக்கோ ஒரே மகிழ்ச்சி. கடைசியில் நிஜமான பயம் கிடைத்துவிட்டது, கேமராவை நிறுத்தாதே என்று கத்துகிறார்.

இது 37 நிமிடம், ஒரே ஷாட்டில், வெட்டே இல்லாமல் ஓடுகிறது. பிறகு திரையில் பெயர்கள் வருகின்றன. படம் முடிந்துவிட்டது போலிருக்கும்.

வெளிப்படையாகச் சொன்னால், அந்த 37 நிமிடமும் நல்ல படம் அல்ல. பதற்றத்தின் உச்சியில் மூன்று பேர் நின்று, உங்களுடைய பொழுதுபோக்கு என்ன என்று விசாரித்துக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவாளர் காரணமே சொல்லாமல் எழுந்து வெளியே போகிறார். கேமரா தரையில் கிடந்தபடி வெகுநேரம் வெறும் தரையைக் காட்டுகிறது. கதாநாயகி கீழே பார்த்து, இங்கே ஒரு கோடரி கிடக்கிறதே, நல்லவேளை என்கிற மாதிரிப் பேசி எடுத்துக்கொள்கிறாள். தூரத்தில் யாரோ அளவுக்கு மீறி அலறுகிறார்கள்.

இதைப் பார்க்கும் ஒருவர் இந்த இடத்தில் எழுந்து போனால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு கதை ஒரு மாதம் பின்னால் போகிறது. புதிதாகத் தொடங்கும் ஒரு ஜாம்பித் தொலைக்காட்சி அலைவரிசைக்கு விசித்திர ஆசை: அரை மணி நேர ஜாம்பிப் படம், ஒரே ஷாட், அதுவும் நேரலை. வேலை ஹிகுராஷி என்ற இயக்குநரிடம் வருகிறது. வேகம், மலிவு, தரம் சுமார் என்பதுதான் அந்த மனிதர் தன்னைப் பற்றித் தானே கொடுத்துக்கொள்ளும் விளம்பரம். கடைசி மூன்றில் ஒரு பங்கில், நாம் ஏற்கெனவே பார்த்த 37 நிமிடத்தை அதன் மறுபக்கத்திலிருந்து மறுபடியும் பார்க்கிறோம். இப்போது ஒவ்வொரு கோணலுக்கும் காரணம் தெரிகிறது.

1. இயக்குநராகவும் ஒப்பனைக்காரியாகவும் நடிக்க வேண்டியவர்கள் வரும் வழியில் விபத்தில் சிக்கிவிட்டார்கள். ஹிகுராஷியும் அவர் மனைவி ஹருமியும் அந்த வேடங்களில் இறங்குகிறார்கள். அளவுக்கு மீறிய அலறல் ஹருமியுடையது. பாத்திரத்துக்குள் புகுந்தால் வெளியே வரத் தெரியாத பழைய நடிகை அவர்.

2. ஒலிப்பதிவாளராக நடித்தவருக்குக் குடித்த தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு கலக்கியதால்தான் எழுந்து ஓடினார்.

3. இன்னொரு நடிகர் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடக்கிறார். அவரைத் தூக்கி நிறுத்தும்வரை நேரத்தை ஓட்ட வேண்டும். பொழுதுபோக்கு விசாரணை அதற்காகத்தான்.

4. முதுகுவலிக்காரக் கேமராக்காரர் கீழே விழுந்துவிட்டார். கேமரா தரையில் கிடந்தது அதனால். அதை எடுத்துக்கொண்டு ஓடியது, வாய்ப்புக்காகக் காத்திருந்த உதவியாளர்.

5. கடைசிக் காட்சியை உயரத்திலிருந்து எடுக்க வைத்திருந்த கிரேன் உடைந்துவிடுகிறது. குழுவினர் ஒருவர்மேல் ஒருவர் ஏறி மனிதப் பிரமிடாக நின்று, உச்சியில் கேமராவைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

இவை அனைத்தும் கதைக்குள் நடக்கும் கற்பனை விபத்துகள். உவேதா எழுதி வைத்தவை. அந்த ஒற்றை ஷாட்டை நிஜக் குழு ஆறு முறை முயன்று எடுத்தது. எல்லாம் முடிந்து உண்மையான பெயர்ப் பட்டியல் வரும்போது, நிஜக் கேமராக்காரர் மூச்சிரைக்க ஓடும் படப்பிடிப்புக் காட்சிகளும் கூடவே வருகின்றன. ஆக, மூன்று அடுக்கு: ஒரு மோசமான படம், அதை எடுத்தவர்களைப் பற்றிய கதை, அந்தக் கதையை எடுத்த நிஜ மனிதர்கள்.

பிழையா, திட்டமா?

இப்போது பிளவின் இயக்கம் தெளிவாகிறது. கோணலைப் பார்க்கும் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு எழுதுகிறார்கள்.

முதல் வகையினர்: 'காசும் இல்லை, வேலையும் தெரியவில்லை.' இவர்களுக்குப் படம் அங்கேயே முடிந்தது.

இரண்டாம் வகையினர்: 'காசில்லாதது தெரிகிறது, அதனாலேயே எனக்குப் பிடிக்கிறது.' இவர்கள் பழைய கூட்டம். பின்னாளில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களை எடுத்த பீட்டர் ஜாக்சன், 1980-களில் நியூசிலாந்தில் வார இறுதிகளில் நண்பர்களோடு படமெடுத்து, முகமூடிகளைத் தன் தாயார் வீட்டு அடுப்பில் சுட்டெடுத்த கதையை இவர்கள் கண்ணில் நீர் வரச் சொல்வார்கள். கையால் செய்ததன் தழும்பு தெரிய வேண்டும் என்பது இவர்களின் ரசனை. அதில் உண்மையும் இருக்கிறது, கொஞ்சம் செல்லம் கொடுப்பதும் இருக்கிறது.

மூன்றாம் வகையினர்: 'இதில் ஏதோ இருக்கிறது, பொறுப்போம்.'

பெரிய செலவில் எடுத்த படத்துக்கு இந்தக் குழப்பம் வராது. 200 கோடி ரூபாய்ப் படத்தில் கேமரா தரையில் ஒரு நிமிடம் கிடந்தால், அதை இயக்குநரின் உத்தி என்று யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொள்வார்கள். அதே ஒரு நிமிடம் 18 லட்ச ரூபாய்ப் படத்தில் வந்தால் கைதவறியது என்பார்கள். திரையில் இருப்பது ஒன்றே. பார்ப்பவர் வைக்கும் நம்பிக்கைதான் வேறு. திகில் நகைச்சுவையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது, ஏனென்றால் அங்கே மோசமாக நடிப்பதும் ஒரு நகைச்சுவை உத்தி.

உவேதாவின் படம் இந்தக் கேள்விக்குத் தானே விடை சொல்லிவிடுகிறது. முதல் 37 நிமிடத்தில் நாம் குழுவை எள்ளிச் சிரிக்கிறோம். கடைசிப் பகுதியில், அன்று சிரித்த நம் அவசரத்தைப் பார்த்து நாமே சிரிக்கிறோம். பேராசிரியர் சொன்ன இரண்டாம் எள்ளல் இது. ஆனால் பெரும்பாலான சின்னத் திகில் நகைச்சுவைகளிடம் இப்படி ஒரு விடைத்தாள் கிடையாது. அவற்றில் கோணல் கோணலாகவே நின்றுவிடுகிறது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு பொருள் எழுதிக்கொள்கிறார்கள். கலவையான விமர்சனம் என்று செய்தியாவது பெரும்பாலும் அதுதான்.

விடை இருந்தும் ஒரு தொல்லை மிச்சம். அது 37 நிமிடம் கழித்துத்தான் வருகிறது. திரையரங்கில் டிக்கெட் வாங்கியவர் எழுந்துபோகக் கொஞ்சம் கூச்சப்படுவார், பொறுத்திருப்பார். 2019-இல் அமெரிக்காவில் 'ஷட்டர்' என்ற திகில் பட இணைய சேவையில் இதே படம் வந்தபோது, ரிமோட் பார்ப்பவர் கையில் இருந்தது. பத்தாவது நிமிடத்தில் நிறுத்தியவரும், கடைசிவரை பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றித்தான் கருத்துச் சொல்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி?

'ராட்டன் டொமேட்டோஸ்' தளத்தில் இந்தப் படம் ஆண்டுக்கணக்கில் 100 விழுக்காட்டில் நின்றிருக்கிறது. இதை 'நூற்றுக்கு நூறு மதிப்பெண்' என்று தமிழ்ச் செய்திகள் உட்படப் பலர் எழுதுவது பிழை. அந்த விழுக்காடு படத்தின் தரத்தை அளப்பதில்லை. விமர்சகர்களில் எத்தனை பேர் 'பார்க்கலாம்' என்ற பக்கம் நின்றார்கள் என்பதை மட்டும் எண்ணுகிறது. 60 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் செந்தக்காளி. அதற்குக் கீழே என்றால் நசுங்கிய பச்சைத் தக்காளி.

ஒரு கற்பனைக் கணக்கு:

1. பத்து விமர்சகர்களும் ஒரு படத்துக்குப் பத்துக்கு ஆறு கொடுக்கிறார்கள். எல்லோரும் சுமாரான 'பார்க்கலாம்'. விழுக்காடு 100, சராசரி 6.

2. இன்னொரு படத்துக்கு ஐந்து பேர் ஒன்பது கொடுக்கிறார்கள், ஐந்து பேர் ஐந்து கொடுத்து 'வேண்டாம்' என்கிறார்கள். விழுக்காடு 50, சராசரி 7.

யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத முதல் படம் பளபளக்கிறது. ஐந்து பேர் உயிரைக் கொடுத்து நேசிக்கும் இரண்டாம் படம் நசுங்கிக் கிடக்கிறது. பிளவை உண்டாக்கும் வகைப் படங்களுக்கு விழுக்காட்டு முறை இயல்பாகவே பாதகமானது. அவற்றைப் பற்றி அறிய விரும்பினால் சராசரியையும் பார்க்க வேண்டும், அதற்கும் மேலாக மதிப்பெண்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றிலும் பத்திலும் குவிந்திருந்தால் அது பிளவு. ஐந்திலும் ஆறிலும் குவிந்திருந்தால் சலிப்பு.

அமெரிக்காவில் 'சினிமாஸ்கோர்' என்ற நிறுவனம் 1979 முதல் வேறொரு முறையைக் கையாள்கிறது: வெளியீட்டு நாளிலேயே அரங்கிலிருந்து வருபவர்களிடம் தரம் கேட்கிறது. அந்த முதல்நாள் கூட்டம் விளம்பரத்தை நம்பி வந்த கூட்டம். எதிர்பார்த்தது கிடைத்ததா என்பதே அவர்கள் சொல்லும் விடை. அதனால் திகில் படங்களுக்கு அங்கே தரம் தாழ்ந்தே விழும். 2018-இல் விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்த 'ஹெரிடிட்டரி' என்ற திகில் படத்துக்கு அந்தக் கூட்டம் கொடுத்தது, ஏ பிளஸ் முதல் எஃப் வரையான அளவில், டி பிளஸ்.

இரண்டு அரங்கிலிருந்து முந்நூறுக்கு

2017 நவம்பரில் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் ஒரு சின்ன அரங்கில் படம் ஆறு நாள் காட்டப்பட்டது. 2018 ஏப்ரலில் இத்தாலியின் ஊதினே நகரத்து ஆசியத் திரைப்பட விழாவில் பார்வையாளர் வாக்கில் இரண்டாம் இடம். அதே ஆண்டு ஜூன் 23 அன்று டோக்கியோவில் இரண்டே அரங்குகளில் முறையான வெளியீடு. அங்கிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட அரங்குகளுக்குப் பரவி, இருபது லட்சம் பேருக்கு மேல் பார்த்து, 310 கோடி யென் வசூலித்தது. செலவைப்போல் ஆயிரம் மடங்கு.

விளம்பரத்துக்குப் பணம் இல்லாத படத்தை வாய்ச்சொல்தான் தூக்கிச் சென்றது. அந்த வாய்ச்சொல்லுக்கு ஒரு வினோதக் கட்டுப்பாடு இருந்தது. கதையின் முடிச்சை அவிழ்த்துவிடுவதை ஜப்பானியர்கள் 'நேத்தாபாரே' என்பார்கள். 'விதை' என்ற பொருளுள்ள 'தானே' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் 'நேத்தா'; 'பாரே' என்றால் வெளிப்பட்டுவிடுதல். இந்தப் படத்தைப் பொறுத்தவரை, ஏன் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலே விதை வெளியே தெரிந்துவிடும். எனவே பார்த்தவர்கள் 'ஒன்றும் கேட்காதே, போய்ப் பார்' என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தச் சொல்லுக்கு இரண்டு விளைவுகள்.

முதல் இரண்டு அரங்குகளுக்கு வந்தவர்கள் எதையும் எதிர்பார்க்காமல் வந்தவர்கள், பலரும் இந்த வகைப் படத்தில் ஊறியவர்கள். 37 நிமிடம் பொறுப்பது அவர்களுக்குக் கடினமில்லை. முந்நூறாவது அரங்குக்கு வந்தவர் அப்படியல்ல. ஊரே புகழ்கிறது, ஆயிரம் மடங்கு வசூல் என்று கேட்டு, ஆண்டின் சிறந்த படத்தைப் பார்க்க வருகிறார். அவருக்குக் கிடைப்பது முதலில் ஒரு மட்டமான ஜாம்பிப் படம். எதிர்பார்ப்பு கூடிவிட்டதை ஜப்பானியர்கள் 'ஹர்டில் உயர்ந்துவிட்டது' என்பார்கள், தடையோட்டத்தில் தாண்ட வேண்டிய தடை. ஆகவே வெற்றி வளர வளர அதிருப்தியும் வளர்ந்தது. படம் கெட்டுவிட்டதனால் அல்ல, பார்க்க வந்தவர்கள் மாறியதனால். ஒரு படத்துக்கு முதல் வாரம் புகழ்மாலையும் மூன்றாம் வாரம் முணுமுணுப்பும் வந்தால், முதல் வாரத்துப் புகழெல்லாம் விலைக்கு வாங்கியது என்று உடனே முடிவுகட்டுவது நம் ஊர் வழக்கம். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் யாரையும் விலைக்கு வாங்காமலேயே இதே வளைவு வரும்.

இரண்டாவது விளைவு, ஏதோ திருப்பம் இருக்கிறது என்ற செய்தியே ஒரு துப்பு. அது தெரிந்து வந்தவர் முதல் கோணலிலேயே 'இது திட்டம்' என்று ஊகித்துவிடுகிறார். எழுந்து போகமாட்டார். ஆனால் ஏமாறவும் மாட்டார். ஏமாறாதவருக்குக் கடைசிப் பகுதி வெறும் விளக்கம்.

பணம் வந்த பிறகு அதே கதை

அறிவியல் கூடத்தில்கூட இத்தனை வசதியாகக் கிடைக்காத ஒரு சோதனை 2022-இல் நடந்தது. ஆஸ்கர் வென்ற பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் அசனவிசியூஸ் இதே கதையைப் பிரெஞ்சில் எடுத்தார். பன்மடங்கு செலவு. ரொமான் தூரிஸ், பெரெனிஸ் பெஜோ போன்ற பெயர்பெற்ற நடிகர்கள். அந்த ஆண்டின் கான் திரைப்பட விழாவைத் தொடங்கி வைத்ததே அந்தப் படம்தான். முதலில் வைத்திருந்த பெயரில் 'இசட்' என்ற எழுத்து இருந்தது. உக்ரைன் போரில் அது ரஷ்யத் தரப்பின் அடையாளமாகிவிட்டதால் 'வெட்டு' என்று பொருள்படும் 'கூப்பே' ஆனது.

வரவேற்பு இரண்டுபட்டது. மூலத்தின் கட்டமைப்பு அப்படியே இருக்கிறது, நகைச்சுவையும் இடம் தவறாமல் விழுகிறது. ஆனால் ரொமான் தூரிஸ் மோசமாக நடிக்கும்போது அவர் மோசமாக நடிக்கிறார் என்று யாரும் நம்புவதில்லை. பிழையா, திட்டமா என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே இறந்துவிடுகிறது. பயிற்சிப் பட்டறை மாணவர்களின் அறியாத முகங்கள் இலவசமாகக் கொடுத்த ஐயத்தை, நட்சத்திரங்களைக் கொண்டு வாங்க முடியவில்லை.

அசனவிசியூஸுக்கு இது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். அவர் தன் படத்துக்குள் புதிதாக ஒரு கோணலை வைத்தார். பிரெஞ்சு நடிகர்கள் முதல் அரை மணி நேரம் ஒருவரையொருவர் ஜப்பானியப் பெயர்களால் அழைத்துக்கொள்கிறார்கள். காதில் விழுந்ததும் உறுத்துகிறது. மறு ஆக்கம் செய்தவர்கள் பெயரைக்கூட மாற்றவில்லையா என்று தோன்றுகிறது. காரணம் பின்னால் வருகிறது: பணம் போடும் ஜப்பானியத் தயாரிப்பாளர் பெண்மணி, மூலத்தில் ஒரு சொல்லும் மாறக் கூடாது என்று அடம்பிடித்திருக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் யோஷிகோ தகேஹாரா. 2017-இல், அந்த 30 லட்சம் யென் படத்திலும் தயாரிப்பாளராக நடித்தவர் அவரே.